ஆழம்: தொண்ணூறு சென்டிமீட்டர்

கெமி நகராட்சி நீச்சல் குளத்தில்
ஓடு மாற்றுவதற்காகத் தண்ணீரை இறக்கியிருந்தார்கள்.
பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
காவலாளிக்கு இரண்டு பெட்டி பீர் கொடுத்து
பதினோரு இரவுகளுக்கு அந்தக் குழியை வாங்கினோம்.

இருபது வருடம் நாங்கள் இரும்புப்பல்.
நிமிடத்துக்கு இருநூற்றிருபது அடி
என் இரண்டு கால்களும் போட்ட கணக்கு.
நம்பாவிட்டால் என் முழங்காலைக் கேளுங்கள்.
முகத்தில் ரத்தம் வழிய ஹாம்பர்க் வரை போய் அலறியிருக்கிறோம்
(பீட்ரூட் சாறும் சோளமாவும்,
என் மனைவி கலக்கி ஜாம் பாட்டிலில் ஊற்றித் தந்தது).

பிறகு ஔலு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர்
என்சியோவின் தொண்டைக்குள் கேமராவை இறக்கினார்.
மொச்சைக்கொட்டை அளவு முடிச்சு.
இனி கத்தினால் பேச்சும் போகும்.
அன்றிலிருந்து என்சியோ பாடுவது
கடைக்காரரிடம் கடன் சொல்வது மாதிரி இருக்கிறது.

ரைமோ கிதாரில் ஐந்து கம்பிகளைக் கழற்றிப் போட்டான்.
ஏதோ ஜெபக்கூடத்து ஏலத்தில் எடுத்த ஹார்மோனியத்தோடு
ஹில்க்கா வந்து சேர்ந்தாள்.
அதில் ஒரு கட்டை அழுத்தினால் எழாது.
அது விடாமல் இழுத்த சுருதியையே
ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு?
இரட்டைப் பெடல் வேண்டாம்.
தட்டுகள் வேண்டாம்.
ஒன்பது நிமிடப் பாட்டில்
ஏழாவது நிமிடம் நாற்பதாவது நொடியில்
ஒரே ஓர் அடி.

தாளக்காரனுக்கு எண்ணத்தானே தெரியும்.
ஓடுகளை எண்ணினேன்.
பெயர்த்த ஓடுகளின் பள்ளங்களை எண்ணினேன்.
எதிர்ச்சுவரில் நீல எழுத்தில்
ஆழம் 0.9 மீ.
எட்டு வயதில் அந்த மூலையில்தான் நான் மூழ்கினேன்.
கைகால் உதறி, தண்ணீர் குடித்து, கண் இருண்டு.
இடுப்பளவு தண்ணீர்.
எழுந்து நில் என்று
ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஒன்பதாம் இரவு
நாலாவது நிமிடத்திலேயே கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது.
தொடையை அழுத்திப் பிடித்தேன்.
நாற்காலி கிறீச்சிட்டது.
குழியின் நாலு சுவரும் அதை வாங்கி
ஒன்றுக்கொன்று கைமாற்றி
மெதுவாகக் கீழே வைத்தன.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
ஹில்க்கா கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் உயர்த்தினாள்.

என் அடியை வெட்டிவிட்டார்கள்.
கிறீச்சு இசைத்தட்டில் இருக்கிறது.
உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில்
தவ்னோ: நாற்காலி.

தோர்னியோவில் முதல் கச்சேரிக்கு முன்
கலெர்வோ மேடைக்குப் பின்னால் வந்தான்.
காகித ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.
எங்கள் பழைய கூட்டங்களில் மூன்று முறை மூக்கு உடைந்தவன்.
கோட்டைக் கழற்றி, சட்டையைக் கழற்றி,
திரும்பி நின்றான்.
தோளுக்குத் தோள் பச்சை:
இரும்புப்பல், வேரோடு, சொட்டும் ரத்தத்தோடு.
"இதை நான் என்ன செய்யட்டும்?"

ரைமோ தன் ஷூவைப் பார்த்தான்.
என்சியோ எதையோ சொன்னான்,
யாருக்கும் கேட்கவில்லை.
கலெர்வோ பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போனான்.

அறுபது பேர் வந்தார்கள்.
மூன்றாவது பாட்டில் பத்தொன்பது.
குளத்து நாற்காலியையே வேனில் ஏற்றி வந்திருந்தோம்.
நாலாவது நிமிடம் வந்தது.
சாய்ந்தேன். நாற்காலி பேசவில்லை.
இடப்பக்கம் சாய்ந்தேன். முன்னால் குனிந்தேன்.
முழு உடம்பையும் வைத்து அமுக்கினேன்.
எண்ணெய் போட்ட கதவு மாதிரி அமைதி.
ஹார்மோனியம் காத்திருந்தது.
இருபது வருடத்தில் ஒரு அடி தவறவிட்டதில்லை நான்.

கிறீச்.

முன்வரிசையில் கலெர்வோ
தோல் கோட்டுக்குள் கைகட்டி நின்றிருந்தான்.
கை மாற்றிக் கட்டினானா, இல்லை
கிளம்பத் திரும்பினானா, தெரியவில்லை.
ஹில்க்கா என்னைப் பார்த்து மெச்சுகிற மாதிரித் தலையசைத்தாள்.

நானும் தலையசைத்து
அதை வாங்கிக்கொண்டேன்.